பால் புட்டியும் மக்காச்சோளக் கதிரும்

மரபியல் வரலாற்றில் பழ ஈ ஆய்வாளர்களுக்கு ஒரு நல்ல பெயர் உண்டு. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதவர்கள் என்பதே அது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஹன்ட் மார்கன் தொடங்கிவைத்த வழக்கம். புதிதாக ஒரு சடுதிமாற்ற ஈ அகப்பட்டால், ஆய்வு செய்ய விரும்பிய எவருக்கும் அது தபாலில் போகும். விலை கிடையாது. அந்தப் பெயர் நியாயமானதுதான். ஆனால் அதே காலத்தில், அதே மாநிலத்தின் இத்தாக்கா நகரில், கார்னெல் பல்கலைக்கழக வயல்களில் மக்காச்சோளத்தை வைத்து மரபியல் செய்த இன்னொரு கூட்டம் இருந்தது. கண்டதைப் பகிர்வதற்கு ஒரு முறையை வகுத்து, வேலையை ஆளுக்கு இன்னது என்று பிரித்து, அதை எழுத்தில் சுற்றுக்கு விட்டவர்கள் முதலில் இவர்கள்தான். ஈ ஆய்வாளர்களின் புகழ்பெற்ற செய்தி மடலைத் தொடங்கிய இருவரில் ஒருவரே மக்காச்சோளக் கொட்டகையில் வளர்ந்தவர். இந்த இரண்டு கூட்டங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், விஞ்ஞானிகளின் தாராள மனம் எங்கிருந்து வந்தது, எதுவரை சென்றது என்பது துலங்கும்.

கொலம்பியாவின் ஷெர்மர்ஹார்ன் கட்டடத்தில் 613ஆம் எண் அறை. நீளம் 23 அடி, அகலம் 16 அடி. அதற்குள் எட்டு மேசைகள். எங்கு பார்த்தாலும் பால் புட்டிகள், புட்டிக்குள் மசித்த வாழைப்பழம், அதை மொய்த்தபடி ஈக்கள். 1910இல் சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ மார்கனின் பார்வையில் பட்டது. அடுத்த ஆண்டு, பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட், ஆய்வகத்தில் சேர்ந்திருந்த கலப்பு விவரங்களை வீட்டுக்கு எடுத்துப்போனார். கல்லூரிப் பாடத்தை ஒதுக்கிவிட்டு, அந்த ஒரே இரவில் மரபணுக்களை ஒரு கோட்டின்மேல் வரிசையாக நிறுத்தினார். உலகின் முதல் மரபணு வரைபடம் அதுதான். அந்தக் கணக்குகளை ஒரு மாணவனிடம் தூக்கிக் கொடுக்க மார்கன் தயங்கவில்லை. அந்த அறையின் இயல்பைச் சொல்ல இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஈயின் வாழ்க்கைக் கணக்கு எளிது. 25 டிகிரி வெப்பத்தில் பத்து நாளுக்கு ஒரு தலைமுறை. ஒரு பெண் ஈ நூற்றுக்கணக்கில் முட்டையிடும். குரோமோசோம்களோ நான்கே ஜோடி. இந்த வேகத்தில் கலப்பு செய்தால் புதிய சடுதிமாற்றங்கள் வந்து குவிந்துகொண்டே இருக்கும், அவற்றைத் தேடிப் போகவே வேண்டாம். ஓர் ஆய்வகம் தன் வாழ்நாளில் ஆராய்ந்து முடிக்க முடியாத அளவுக்குப் பொருள் சேர்ந்துவிடுகிறது. கைக்குள் வைத்துப் பூட்டுவதால் யாருக்கும் லாபமில்லை. வரலாற்றாசிரியர் ராபர்ட் கோலர் இந்தப் பெருக்கத்தையே ஈ ஆய்வுச் சமூகத்தின் அடித்தளமாகக் காண்கிறார்.

இன்னொரு காரணமும் உண்டு, அது இன்னும் நடைமுறை சார்ந்தது. ஈயை விதைபோல டப்பாவில் போட்டு மூடிவைக்க முடியாது. சில வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வகையையும் புதிய புட்டிக்கு மாற்றியாக வேண்டும். பூஞ்சை பிடித்தால், உண்ணி புகுந்தால், கோடையில் அறை கொதித்தால், பல ஆண்டுகள் பேணிய ஒரு வகை ஒரே வாரத்தில் அழிந்துபோகும். அப்போது, முன்பு யாருக்கோ அனுப்பிய புட்டிதான் கைகொடுக்கும். கொடுத்தவரே ஒருநாள் கேட்டு வாங்க நேரும். 1922இல், முன்பு மார்கனின் அறையில் இருந்த ஹெர்மன் முல்லர் மாஸ்கோவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்த ஈக்களிலிருந்து அங்கே ஒரு புதிய மரபியல் பள்ளியே கிளைத்தது.

மக்காச்சோளத்தின் கதை வேறு. இத்தாக்காவின் குளிரில் ஆண்டுக்கு ஒரே போகம். ஆண் பூங்கொத்து செடியின் உச்சியில், கதிர் இடையில். கதிரின் பட்டிழைகள் வெளியே தலைநீட்டுமுன் அதற்குக் காகித உறை மாட்ட வேண்டும். தவறினால் காற்றில் வரும் ஊர்பேர் தெரியாத மகரந்தம் அந்த ஆண்டு உழைப்பையே கெடுத்துவிடும். உச்சிப் பூவுக்கும் உறை கட்டி, உதிரும் மகரந்தத்தை அதிலே பிடித்து, வேண்டிய கதிரின் பட்டிழைமேல் கொட்டி, மறுபடி மூடி, எந்தச் செடியோடு எந்தச் செடி என்று உறைமேல் எழுத வேண்டும். ஜூலை வெயிலில் செடிக்குச் செடி இதே வேலை. பலன் இலையுதிர் காலத்தில் தெரியும். ஆனால் அந்தப் பலனுக்கு ஓர் அழகு உண்டு. கதிரில் உள்ள ஒவ்வொரு மணியும் ஒரு சந்ததி. மேலுறையை உரித்தால் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் ஊதாவும் வெள்ளையுமாக வரிசைகட்டி நிற்கும், விரல் வைத்து எண்ணலாம். மாவுச்சத்து எந்த வகை என்று அறிய ஒரு துளி அயோடின் போதும். சாதாரண மணி கருநீலமாகும், மெழுகு வகை செம்பழுப்பாகும்.

பத்து ஜோடி குரோமோசோம்கள், ஆண்டுக்கு ஒரு தலைமுறை. தனி ஆளாக நின்றால் ஆயுள் போதாது. 1914இல் கார்னெலுக்கு வந்த ரோலின்ஸ் ஆடம்ஸ் எமர்சன் இதை முதலிலேயே புரிந்துகொண்டவர். 1928 டிசம்பரில் நியூயார்க்கில் ஓர் அறிவியல் மாநாட்டுக்குப் போன மக்காச்சோள ஆய்வாளர்களை, தான் தங்கியிருந்த விடுதி அறைக்கு அழைத்தார். ஒரே குரோமோசோமில் அமைந்த மரபணுக்களின் கூட்டங்களான பிணைப்புத் தொகுதிகளை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வது என்று அங்கே பேசி முடித்தார்கள். அந்தந்தத் தொகுதி பற்றி யார் எதைக் கண்டாலும், அச்சில் வராத கணக்கானாலும், பொறுப்பேற்றவருக்கு அனுப்ப வேண்டும். 1929இல் அப்படிச் சேர்ந்ததையெல்லாம் தொகுத்து எமர்சன் ஒரு சுற்றுக்கடிதம் அனுப்பினார். அழகில்லாத, தட்டச்சு செய்து படியெடுத்த தாள்கள். மக்காச்சோள மரபியல் கூட்டுறவுச் செய்தி மடலின் தொடக்கம் இதுதான். 1932இல் இத்தாக்காவில் நடந்த ஆறாம் உலக மரபியல் மாநாட்டில் கூட்டுறவு முறையாக அமைந்தது. விதைகளைக் காத்துக் கேட்டவருக்கு அனுப்பும் பொறுப்பு மார்கஸ் ரோட்ஸிடம் வந்தது.

ஈ அறையில் பகிர்தல் பழக்கமாக வளர்ந்தது, மக்காச்சோள வயலில் அது ஒப்பந்தமாகவே பிறந்தது. எனக்கு இரண்டாவதன்மேல் மதிப்பு கூடுதல். எல்லாம் மிஞ்சிக் கிடப்பவரின் கொடை பெரிது என்றாலும், ஆண்டுக்கு ஒரு போகம் மட்டும் காண்பவர் அந்த விளைச்சலின் கணக்கை அச்சேறுமுன் பிறருக்குக் கொடுப்பதில் இழக்க நேரும் பங்கு அதிகம்.

இரண்டு உலகங்களும் நேருக்கு நேர் சந்தித்த ஓர் ஆண்டு உண்டு. 1931இல் கார்னெலுக்குச் சொற்பொழிவாற்ற வந்த மார்கன், மக்காச்சோள ஆய்வாளர் பார்பரா மெக்ளின்டாக்கும் அவரிடம் பயின்ற ஹேரியட் கிரெய்டனும் செய்துகொண்டிருந்த வேலையைக் கேட்டறிந்தார். மரபணுக்கள் இடம் மாறும்போது குரோமோசோம்களும் உண்மையிலேயே துண்டு மாற்றிக்கொள்கின்றனவா என்பது அன்றைய பெரிய கேள்வி. ஒன்பதாம் குரோமோசோமின் ஒரு முனையில் குமிழும் மறுமுனையில் ஒட்டிய வேற்றுத் துண்டும் உள்ள செடிகளை அவர்கள் வளர்த்திருந்தார்கள். மணியின் நிறமும் மெழுகுத் தன்மையும் பிரிந்து கலக்கும்போது, குமிழும் துண்டும் கூடவே பிரிந்து கலப்பது நுண்ணோக்கியில் தெரிந்தது. இன்னொரு போகத்தின் கணக்கும் வரட்டும் என்று அவர்கள் காத்திருந்தார்கள். மார்கன் விடவில்லை. உடனே எழுதி அனுப்புங்கள் என்று சொன்னதோடு நில்லாமல், ஆய்விதழ் ஆசிரியருக்குத் தானே அங்கேயே கடிதம் எழுதினார். கட்டுரை ஆகஸ்ட்டில் வெளிவந்தது. சில மாதங்களில் ஜெர்மனியிலிருந்து கர்ட் ஸ்டெர்ன் அதே உண்மையைப் பழ ஈயில் நிறுவினார்.

ஸ்டெர்ன் மார்கனின் ஆய்வகத்தில் பழகியவர். அவருடைய வேலை முடியும் தறுவாயில் இருப்பது மார்கனுக்குத் தெரியும். ஈக்கு வேண்டியது சில வாரங்கள். மக்காச்சோளம் இன்னொரு கோடையைக் கேட்கிறது. காத்திருந்தால் யார் முந்துவார்கள் என்பதில் ஐயமில்லை. மக்காச்சோளத்துக்கும் ஒரு வாய்ப்பு கிடைக்கட்டும் என்று நினைத்ததாக மார்கன் பின்னாளில் சொன்னார். இதில் ஸ்டெர்னுக்கு அநியாயம் நடந்ததா என்று யாரேனும் கேட்கலாம். ஸ்டெர்னின் முடிவு எதையும் மார்கன் கைமாற்றவில்லை. அவர் கொடுத்தது காலத்தைப் பற்றிய எச்சரிக்கை ஒன்றுதான். இரண்டு உயிர்களின் ஆயுள் வேகம் வேறு என்பதால் இரண்டு கூட்டங்களுக்கு இடையே வரும் ஏற்றத்தாழ்வை, ஈக் கூட்டத்தின் தலைவரே முன்வந்து ஈடுகட்டியது பெரிய செயல் என்றே நான் கருதுகிறேன். 1933இல் கிடைத்த நோபல் பரிசுப் பணத்தைத் தன் குழுவினரான ஸ்டர்டிவன்ட், கால்வின் பிரிட்ஜஸ் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தவர் அவர்.

அடுத்த ஆண்டு, 1934இல், டிரோசோஃபிலா தகவல் சேவை என்ற மடல் தொடங்கியது. தொடங்கியவர்கள் பிரிட்ஜஸும் மிலிஸ்லாவ் டெமெரெக்கும். குரோஷியாவிலிருந்து வந்த டெமெரெக், கார்னெலில் எமர்சனிடம் மக்காச்சோளத்தில் முனைவர் பட்டம் பெற்றுப் பிறகு ஈக்கு மாறியவர். எமர்சனின் தாள்கள் என்ன சாதித்தன என்பதை அவர் பக்கத்திலிருந்து அறிவார். எந்த ஆய்வகத்தில் எந்த ஈ இருக்கிறது, புதிய சடுதிமாற்றங்கள் எவை, ஆய்வாளர்களின் முகவரிகள், செய்முறைக் குறிப்புகள் என அத்தனையும் அதில் வந்தன. அந்தச் செய்முறைக் குறிப்புகளை நான் மதிப்போடு நினைக்கிறேன். வாழைப்பழத்துக்கு மாற்றாக எந்தக் கூழில் ஈ நன்றாக வளரும் என்பதெல்லாம் எந்த ஆய்விதழும் அச்சிடாத அறிவு. புதிதாக ஓர் ஊரில் ஆய்வகம் தொடங்கும் ஒருவருக்கு முதலில் தேவைப்படுவதும் அதுதான். அப்படி நிலைபெற்ற கூழில் அகரோடும் வெல்லப்பாகோடும் சேர்வது மக்காச்சோள மாவு.

இரண்டு மடல்களுக்கும் பொதுவான விதி ஒன்று: இதில் உள்ளதை எழுதியவரின் சம்மதமின்றி உங்கள் கட்டுரையில் பயன்படுத்தக் கூடாது. மடலில் வருவது வெளியீடாகக் கருதப்படாது. இந்த விதிதான் எல்லாவற்றையும் தாங்கியது. முடிக்காத வேலையைச் சொல்பவருக்கு, பெயர் பறிபோகாது என்ற உறுதி தேவை.

இந்த விதி எல்லோர் மனக்குறையையும் தீர்த்துவிடவில்லை. ஈ அறையில் பேச்சு ஓயாது நடந்தது. எந்த யோசனை முதலில் யார் வாயிலிருந்து வந்தது என்று கணக்கு வைப்பவர் இல்லை. ஸ்டர்டிவன்ட் இதைப் பெருமையோடு நினைவுகூர்ந்தார். அதே அறையில் இருந்த முல்லருக்கோ தன் யோசனைகளுக்குரிய மதிப்பு வேறு பக்கம் போய்விட்டது என்ற வருத்தம் நெடுங்காலம் ஆறவில்லை. ஈயைக் கொடுத்தால் அனுப்பியவர் பெயர் புட்டிமேல் இருக்கும். மேசையோரம் சொன்ன யோசனைக்கு அப்படி எதுவும் ஒட்டுவதில்லை.

மக்காச்சோளத்தின் பக்கம் இருந்த குறை வேறு வகை. மெக்ளின்டாக் 1940களில், குரோமோசோமில் இடம்விட்டு இடம் தாவும் கூறுகளைக் கண்டார். 1950இல் எழுதினார், 1951இல் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் கருத்தரங்கில் பேசினார். அவர் பேச்சுக்கு வரவேற்பில்லை என்பது எல்லோரும் சொல்லும் கதை. உண்மை சற்று நுட்பமானது. மக்காச்சோள ஆய்வாளர்கள் அவரை நம்பாமல் இல்லை. பிரிங்க், பீட்டர்சன் போன்றோர் தங்கள் வயல்களிலேயே அத்தகைய கூறுகளைக் கண்டார்கள். அந்த வட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்குத்தான் அது எட்டவில்லை. மக்காச்சோளத்தின் குறியீடுகள், கதிரின் புள்ளிக் கோலங்கள், ஆண்டுக்கணக்கான கலப்பு வரிசைகள் ஆகியவற்றைப் படிக்க அந்த வயலில் நின்றிருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்களை இறுகப் பிணைத்த அதே சுருக்கெழுத்து மொழி, வெளியே இருப்பவர்களுக்குக் கதவைச் சாத்தியது. தாவும் கூறுகள் பாக்டீரியாவிலும் பிறகு ஈயிலும் கிடைத்தபின்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1982இல் ஸ்பிராட்லிங்கும் ரூபினும் ஈயின் தாவும் கூறு ஒன்றையே வாகனமாக்கி, ஈக்குள் மரபணுவைப் புகுத்திக் காட்டினார்கள். அடுத்த ஆண்டு மெக்ளின்டாக்குக்கு நோபல் பரிசு வந்தது.

பணம் என்று ஒன்று இருக்கிறது. பழ ஈக்குப் பெரும் சந்தை கிடையாது. மக்காச்சோளமோ அமெரிக்காவின் பெரும் பயிர். 1930களில் கலப்பின விதை பரவியபோது, எந்தப் பெற்றோர் வரிசைகளைக் கலந்தோம் என்பதை விதை நிறுவனங்கள் வணிக இரகசியமாக்கின. பல்கலைக்கழக ஆய்வாளர்களின் மடலும், நிறுவனங்களின் பூட்டிய அறையும் ஒரே பயிரைச் சுற்றி அருகருகே வளர்ந்தன. அந்தச் சூழலிலும் கூட்டுறவு உடையாமல் நின்றது. ஈக்கு இந்தச் சோதனை மிகப் பிந்தி, மரபணுத்தொகைக் காலத்தில் வந்தது. செலெரா என்ற தனியார் நிறுவனம் ரூபினின் குழுவோடு சேர்ந்து ஈயின் மரபணுத்தொகையை வாசித்து 2000 மார்ச்சில் வெளியிட்டது. விவரம் பொதுத் தரவகத்தில் வைக்கப்பட்டது. ஏறத்தாழ 13,600 மரபணுக்கள். மக்காச்சோளத்தின் தொகை 2009இல் வந்தது. சுமார் 230 கோடி எழுத்துகள், அவற்றில் ஏறக்குறைய 85 விழுக்காடு தாவும் கூறுகள்.

இன்று ஈ வகைகளின் பெருங்கிடங்கு இண்டியானாவின் புளூமிங்டனில் இருக்கிறது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள், உயிரோடு. மக்காச்சோள விதைக் கிடங்கு 1953 முதல் இலினாயின் அர்பானாவில். அர்பானாவிலிருந்து விதை இன்றும் இலவசமாகப் போகிறது, செலவை அமெரிக்க வேளாண் துறை ஏற்கிறது. விதை குளிரறையில் ஆண்டுக்கணக்கில் தூங்கும், தீர்ந்துவரும் வகையை மட்டும் கோடையில் விதைத்தால் போதும். புளூமிங்டனிலோ ஒவ்வொரு வகையையும் ஆட்கள் கையால் புதிய குப்பிக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். சம்பளம், கூழ், குப்பி, மின்சாரம் எல்லாம் ஓயாத செலவு. அதனால் அங்கே ஈக்குக் கட்டணம் உண்டு. ஈ ஆய்வின் மொத்த அறிவையும் 1992 முதல் திரட்டிவரும் ஃப்ளைபேஸ் தரவகத்துக்கும் இதே நெருக்கடிதான். 2025இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அரசு மானியங்கள் நிறுத்தப்பட்டபோது அங்கிருந்த ஃப்ளைபேஸ் பணியாளர்கள் வேலை இழந்தார்கள். தரவகம் ஆய்வகங்களிடம் நன்கொடை கேட்கும் நிலைக்கு வந்தது. கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாத அந்தச் சமூகத்துக்கு இப்போது ஒவ்வோர் ஆண்டும் தேவைப்படுவது, ஈயை மாற்றும் கைகளுக்கும் குறிப்பைப் பதியும் கைகளுக்கும் தடையின்றிக் கூலி கொடுக்கும் ஒரு நிதி.