பாபி ஓர்: தற்காப்பு ஆட்டத்தின் இலக்கணத்தை மாற்றிய ஐஸ் ஹாக்கி வீரர்

ஐஸ் ஹாக்கியில் தற்காப்பு வீரரின் பணி எதிரணியைத் தடுப்பதோடு முடிந்துவிடுகிறது என்ற எண்ணத்தை மாற்றியவர் கனடாவைச் சேர்ந்த பாபி ஓர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக் (என்ஹெச்எல்) போட்டிகளில், ஒரு பருவத்தில் அதிகப் புள்ளிகள் எடுக்கும் வீரருக்கு ஆர்ட் ராஸ் கோப்பை வழங்கப்படுகிறது. அதை வென்ற ஒரே தற்காப்பு வீரர் அவர்தான். அதையும் இருமுறை வென்றிருக்கிறார். எனினும், முழங்கால் காயங்கள் காரணமாக 30 வயதிலேயே அவர் ஓய்வை அறிவிக்க நேர்ந்தது.

இளமைப் பருவம்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள பாரி சவுண்ட் என்ற சிறு நகரில் 1948 மார்ச் 20 அன்று ஓர் பிறந்தார். 12 வயதில் சிறுவர் போட்டி ஒன்றில் ஆடியபோது, பாஸ்டன் புரூயின்ஸ் அணி நிர்வாகிகளின் பார்வையில் பட்டார். அக்காலத்தில் இளம் வீரர்களைச் சிறு வயதிலேயே ஒப்பந்தத்தில் பிணைத்துக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அதன்படி, புரூயின்ஸின் இளையோர் அணியான ஒஷாவா ஜெனரல்ஸ் அணிக்காக 14 வயதில் ஆடத் தொடங்கினார். அங்கு அவருடன் ஆடியவர்களில் பலர் அவரைவிட ஐந்தாறு வயது மூத்தவர்கள்.

1966ஆம் ஆண்டு, 18 வயதில் பாஸ்டன் அணிக்காக என்ஹெச்எல் களத்தில் இறங்கினார். அந்தப் பருவத்தில் பாஸ்டன் பட்டியலின் கடைசி இடத்தையே பிடித்தது. ஆனால் சிறந்த அறிமுக வீரருக்கான கால்டர் கோப்பை ஓருக்குக் கிடைத்தது. அந்த ஆண்டு சிறந்த தற்காப்பு வீரருக்கான நாரிஸ் கோப்பையைப் பெற்ற ஹாரி ஹவல், இனி அந்தக் கோப்பை ஓருக்கே உரியதாகிவிடும் என்ற பொருளில் பேசினார். அவர் கூறியது பலித்தது. 1968 முதல் 1975 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் நாரிஸ் கோப்பையை ஓர் தன்வசம் வைத்திருந்தார்.

ஆட்டத்தில் செய்த மாற்றம்

ஐஸ் ஹாக்கியில் ஒவ்வோர் அணியிலும் கோல் காப்பாளருடன் சேர்த்து ஆறு பேர் களத்தில் இருப்பர். அவர்களில் மூவர் முன்கள வீரர்கள். இருவர் தற்காப்பு வீரர்கள். வட்டைக் கைப்பற்றியதும் அதை முன்கள வீரர்களிடம் அனுப்பிவிட்டுப் பின்னால் நின்றுகொள்வதே தற்காப்பு வீரர்களின் வழக்கமாக இருந்தது. ஓர் அந்த வழக்கத்தைப் பின்பற்றவில்லை. தமது கோல் எல்லையிலிருந்து வட்டைத் தாமே கடத்திச் சென்று, எதிரணியின் எல்லைக்குள் நுழைந்து தாக்குதலை வழிநடத்தினார். தாக்குதல் முறிந்தால், எதிரணியினர் முன்னேறுவதற்குள் தமது இடத்துக்குத் திரும்பிவிடும் வேகமும் அவருக்கு இருந்தது. வேகம் இல்லாத ஒருவருக்கு அந்த ஆட்டமுறை பெரும் ஆபத்தாக முடிந்திருக்கும்.

இதன் பலன் எண்களில் தெரிகிறது. 1969-70 பருவத்தில் 33 கோல்களும் 87 கோல் உதவிகளுமாக 120 புள்ளிகள் எடுத்தார். என்ஹெச்எல் வரலாற்றில் 100 புள்ளிகளைக் கடந்த முதல் தற்காப்பு வீரர் அவரே. அதே பருவத்தில் நாரிஸ், ஆர்ட் ராஸ் கோப்பைகளுடன், மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையும், பிளேஆஃப் சுற்றின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் கோப்பையும் அவருக்குக் கிடைத்தன. ஒரே பருவத்தில் இந்த நான்கையும் வென்றவர் வேறு எவரும் இல்லை. அடுத்த பருவத்தில் 102 கோல் உதவிகளுடன் 139 புள்ளிகள் எடுத்தார். தற்காப்பு வீரர்களுக்கான இச்சாதனைகளை இதுவரை எவரும் முறியடிக்கவில்லை.

புகழ்பெற்ற கோல்

1970 மே 10 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கில், ஸ்டான்லி கோப்பை இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டம் நடைபெற்றது. செயின்ட் லூயிஸ் புளூஸ் அணிக்கு எதிரான அந்த ஆட்டம் 3-3 எனச் சமநிலையில் இருந்ததால் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. கூடுதல் நேரத்தின் 40ஆவது விநாடியில், சக வீரர் டெரெக் சாண்டர்சன் அனுப்பிய வட்டை ஓர் கோலாக்கினார். அக்கணத்தில் எதிரணியின் நோயல் பிகார்டின் மட்டை காலில் சிக்க, கைகளை விரித்தபடி ஓர் காற்றில் பறந்தார். புகைப்படக் கலைஞர் ரே லூசியர் எடுத்த அந்தப் படம், ஐஸ் ஹாக்கி வரலாற்றின் மிகப் பிரபலமான படங்களுள் ஒன்றாக விளங்குகிறது. 1941க்குப் பின் பாஸ்டன் வென்ற முதல் ஸ்டான்லி கோப்பை அது. 1972இல் நியூயார்க் ரேஞ்சர்ஸை வீழ்த்தி மீண்டும் கோப்பையைக் கைப்பற்றியபோதும் கான் ஸ்மைத் விருது ஓருக்கே வழங்கப்பட்டது.

முழங்காலின் விலை

முதல் பருவத்திலேயே தொடங்கிய முழங்கால் காயம் ஓரை இறுதிவரை துரத்தியது. சிறு துளை வழியாகச் செய்யும் இன்றைய ஆர்த்ராஸ்கோபி சிகிச்சை அன்று பரவலாக இல்லை. மூட்டைத் திறந்து, சேதமடைந்த குருத்தெலும்பை அகற்றுவதே அன்றைய மருத்துவம். ஒவ்வோர் அறுவை சிகிச்சைக்குப் பின்னும், எலும்புகள் உரசாமல் காக்கும் மெத்தை குறைந்துகொண்டே வந்தது. வாழ்நாளில் பத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளை அவர் செய்துகொண்டார். சோவியத் அணிக்கு எதிரான 1972ஆம் ஆண்டின் வரலாற்றுத் தொடரில் அவரால் ஆட இயலவில்லை. 1974-75இல் 46 கோல்களுடன் 135 புள்ளிகள் எடுத்து இரண்டாவது முறை ஆர்ட் ராஸ் கோப்பையை வென்றவர், அடுத்த பருவத்தில் 10 ஆட்டங்களில் மட்டுமே பங்கேற்றார்.

1976இல் நடைபெற்ற கனடா கோப்பையில் வலியுடன் ஆடி, தொடரின் சிறந்த வீரராகத் தேர்வானார். அதே ஆண்டு பாஸ்டனை விட்டு விலகி சிகாகோ அணியில் சேர்ந்தார். அங்கு 26 ஆட்டங்களில் மட்டுமே ஆட முடிந்தது. விளையாடாத காலத்துக்கான ஊதியத்தை ஏற்க மறுத்த அவர், 1978 நவம்பரில் ஓய்வை அறிவித்தார். மொத்தம் 657 ஆட்டங்களில் 270 கோல்களும் 645 கோல் உதவிகளுமாக 915 புள்ளிகள் அவரது கணக்கில் உள்ளன.

முகவர் மீதான நம்பிக்கை

பாஸ்டனை விட்டு விலகியதன் பின்னணி பல ஆண்டுகளுக்குப் பிறகே வெளிச்சத்துக்கு வந்தது. அணியின் உரிமையில் 18.5 சதவீதப் பங்கை ஓருக்கு வழங்க புரூயின்ஸ் நிர்வாகம் முன்வந்திருந்தது. அந்த விவரத்தைத் தமது முகவர் ஆலன் ஈகிள்சன் தம்மிடம் தெரிவிக்கவில்லை என்று ஓர் கூறியுள்ளார். ஈகிள்சனோ இதை மறுத்தார். ஓய்வு பெற்றபோது ஓரின் கடன்கள் அவரது சொத்துகளை விஞ்சி நின்றன. வீரர்கள் சங்கத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்த ஈகிள்சன், வேறு நிதி மோசடி வழக்குகளில் 1998இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு கனடாவில் சிறை சென்றார். ஹாக்கி புகழரங்கில் அவர் நீடித்தால் தாங்கள் வெளியேறுவோம் என ஓர் உள்ளிட்ட முன்னாள் வீரர்கள் எச்சரித்ததை அடுத்து, அவர் அதிலிருந்து விலகினார்.

ஓய்வுக்குப் பின்

வழக்கமான காத்திருப்புக் காலம் தளர்த்தப்பட்டு, 1979இல் 31 வயதில் ஓர் புகழரங்கில் சேர்க்கப்பட்டார். அவர் அணிந்த 4ஆம் எண்ணை வேறு எவருக்கும் வழங்குவதில்லை எனப் பாஸ்டன் அணி அறிவித்தது. 1970ஆம் ஆண்டின் அந்தக் கோலை நினைவுகூரும் வெண்கலச் சிலை, 2010இல் பாஸ்டன் அரங்கின் வெளியே நிறுவப்பட்டது. ஒரு முகவரை நம்பிப் பெரும் இழப்பைச் சந்தித்த ஓர், பின்னாளில் தாமே வீரர்களின் முகவராகி, இளம் வீரர்களின் ஒப்பந்தங்களைக் கவனிக்கும் பணியை மேற்கொண்டார்.