புரோ பவுல்: ஒரு பெயரின் பயணம்

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை நட்சத்திரங்கள் மோதும் ஆட்டத்துக்குப் புரோ பவுல் என்று பெயர். கிரிக்கெட் பழகிய நம் காதுக்குப் 'பவுல்' என்றதும் பந்துவீச்சுதான் நினைவுக்கு வரும். இரண்டுக்கும் எழுத்து ஒன்று, வேர் வேறு. பந்துவீச்சுச் சொல் லத்தீனின் 'புல்லா'வில் பிறந்து பிரெஞ்சு வழியாக வந்தது. இந்தப் பவுலோ பழைய ஆங்கிலத்தின் 'பொல்லா', அதாவது கிண்ணம்.

கிண்ணத்துக்கும் கால்பந்துக்கும் உறவு ஏற்படுத்தியது ஓர் அரங்கம். 1914 நவம்பரில் நியூ ஹேவன் நகரில் யேல் பல்கலைக்கழகம் அதைத் திறந்தது. நிலத்தைத் தோண்டி, எடுத்த மண்ணையே சுற்றிலும் கரையாகக் கொட்டி, உட்சரிவில் ஏறக்குறைய 70,000 பேருக்கு இருக்கை அமைத்தார்கள். கரையைக் குடைந்த சுரங்கவழியே நுழைகிறவர் இருக்கைகளின் நடுமட்டத்தில் வெளிப்படுவார். ஆடுகளம் தரைமட்டத்துக்கும் கீழே கிடக்கும். 'யேல் பவுல்' என்ற பெயருக்கு விளக்கமே வேண்டியதில்லை.

அதைப் பார்த்துக் கலிபோர்னியாவின் பாசடீனாவில் 1922இல் எழுந்தது ரோஸ் பவுல். அங்கே ரோஜாத் திருவிழாவையொட்டிக் கல்லூரி அணிகள் 1902இலேயே மோதியிருந்தன. புது அரங்கம் வந்தபின் அதன் பெயரே ஆட்டத்துக்கும் ஆனது. இத்தனைக்கும் அப்போது அரங்கத்தின் தெற்குப் பக்கம் குதிரைலாடம்போலத் திறந்தே கிடந்தது, 1928இல்தான் அடைத்தார்கள். சொல் வடிவத்தை விட்டு விலகத் தொடங்கிய இடம் இதுதான் என்பேன். 1930களில் மயாமிக்கு ஆரஞ்சு, நியூ ஆர்லியன்ஸுக்குச் சர்க்கரை, டல்லஸுக்குப் பருத்தி என்று அந்தந்த வட்டாரத்து விளைச்சலின் பெயரில் பவுல் ஆட்டங்கள் முளைத்தன.

இவை எல்லாமே கல்லூரி ஆட்டங்கள். அன்று பெருமை அங்கேதான் இருந்தது; காசுக்கு ஆடுகிறவர்கள் ஒரு படி கீழ். 1939 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் தொழில்முறை லீக்கின் சாம்பியனான நியூயார்க் ஜயன்ட்ஸ் அணி தொழில்முறை நட்சத்திர அணியை 13-10 என வென்றபோது, அந்த ஆட்டத்துக்குப் பவுல் என்ற பட்டம் இல்லை. போர்க்காலத்தில், 1942 டிசம்பர் ஆட்டத்தோடு அது நின்றும்போனது.

1951 ஜனவரி 14 அன்று அதே லாஸ் ஏஞ்சலஸில், இம்முறை கொலீசியம் அரங்கில், லீக்கின் இரு பிரிவுகளின் நட்சத்திரங்கள் மோதும் ஆட்டமாக அது மீண்டும் வந்தது. அமெரிக்கப் பிரிவு 28-27 என வென்றது. புரோ பவுல் என்ற பெயர் அப்போது வந்ததுதான். பக்கத்து ஊரான பாசடீனாவில் ரோஸ் பவுல் முடிந்து இரண்டே வாரம்! கல்லூரி ஆட்டத்தின் மதிப்பைப் 'பவுல்' கொடுத்தது. ஆடுவோர் யார் என்பதைப் 'புரோ' சொன்னது. இரண்டும் சேர்ந்தால் தொழில்முறை வீரர்களின் உரிமைக்குரல் என்றே எனக்குப் படுகிறது.

தொழில்முறைச் சாம்பியனைத் தீர்மானிக்கும் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலைப் பார்த்து வைத்த பெயர் இது என்று பலர் எண்ணுவது தவறு. சூப்பர் பவுலே 1967இல்தான் தொடங்கியது.

1980 முதல் 2009 வரை ஹவாயில் நிலைத்திருந்த புரோ பவுல், பிறகு ஊர் ஊராக மாறியது. 2023இல் மோதிச் சாய்க்கும் ஆட்டமே போய், இடுப்புக்கொடியைப் பறிக்கும் ஆட்டமும் திறன் போட்டிகளும் வந்தன. பெயரும் 'புரோ பவுல் கேம்ஸ்' என்று நீண்டது. ஆனால் 'புரோ பவுலர்' என்ற சொல்லுக்குத் தேய்வில்லை. வீரரின் பெயருக்கு முன் பட்டம்போல ஒட்டிக்கொள்ளும் அதற்குக் களமிறங்க வேண்டும் என்பதுகூட இல்லை, தேர்வானாலே போதும். புகழ்பெற்ற வீரர் டாம் பிரேடி 15 முறை புரோ பவுலர். அவற்றில் பெரும்பாலான ஆண்டுகளில் அவர் அந்த ஆட்டத்தை ஆடவில்லை.