தவளையின் இதயமும் தமிழ்க் கலைச்சொல்லும்

மலாக்கா மாநிலத்து டுரியான் துங்கால் போன்ற ஊர்களில் தமிழ்வழிப் பயிலும் மாணவன், தலைப்பிரட்டை செவுளால் சுவாசிப்பதையும், வளர்ந்த தவளை நுரையீரலாலும் ஈரத்தோலாலும் சுவாசிப்பதையும் தாய்மொழியில் கற்கிறான். ஆறாண்டுகளுக்குப் பின் இடைநிலைப் பள்ளியில் உடற்கூறு அவனுக்கு வேற்றுமொழியில் அறிமுகமாகிறது. 'உடலை அறுத்து ஆராயும் கலைக்குத் தமிழ் போதுமோ?' என்னும் ஐயம் அங்கே தலைதூக்குகிறது. இவ்வையத்திற்கு வரலாறு முன்பே விடை பகர்ந்துள்ளது.

உயிரியல் வகுப்பில் தவளை இடம்பெற்றதற்குத் தக்க காரணங்கள் உண்டு. அது முதுகெலும்புடையது, எளிதில் கிடைப்பது. வயிற்றுப்புறத் தோலையும் தசையையும் விலக்கினால் கல்லீரல், இரைப்பை, குடல் ஆகியன ஒருங்கே புலப்படும். அதன் இதயம் மூன்றறை கொண்டது. மனித இதயமோ நான்கறை கொண்டது. இத்தாலிய அறிஞர் கால்வானி தவளைக்காலைக் கொண்டு நிகழ்த்திய மின்சோதனைகளை 1791இல் வெளியிட்டார். ஆங்கில அறிஞர் ஹக்ஸ்லி 1875இல் மார்ட்டினுடன் வெளியிட்ட உயிரியல் செய்முறை நூலிலும் தவளை இடம்பெற்றது.

அந்நூல் வெளிவருமுன்பே யாழ்ப்பாணத்தில் உடற்கூறு தமிழில் பயிற்றப்பட்டது. அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் (1822–1884) 1847இல் அங்கு வந்து, மானிப்பாயில் மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் கற்றோர் கிராமத்தை விட்டு அரசு ஊழியம் நாடிச் செல்வதைக் கண்ட அவர், 1864இல் தமிழ்வழி வகுப்பைத் தொடங்கினார். இருவழியிலும் அவரிடம் பயின்றோர் 60 பேருக்கும் மேற்பட்டவர். கிரே என்பாரின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயரில் 1872இல் தமிழில் வெளிவந்தது. அறுவை மருத்துவம் 'இரண வைத்தியம்' ஆயிற்று. வேதியியல் 'கெமிஸ்தம்' ஆயிற்று. தமிழில் சொல் உளதேல் அதனையே கொள்க. இன்றேல் வடசொல்லை நாடுக. அதுவும் இன்றேல் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் ஒலிக்கு இயைய எழுதுக என்பதே அவர் வகுத்த நெறி.

1873இல் கிறீன் தாயகம் திரும்பினார். அதன்பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லை. கொழும்பில் 1870இல் தோன்றிய அரசு மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது; பதவியும் ஊதியமும் அவ்வழியே கிட்டின. ஆதலின் சாய்ந்தது மொழியன்று. அம்மொழியைத் தாங்கிநின்ற அமைப்பே சாய்ந்தது.

மலேசியத் தமிழர்க்கு இப்பாடம் புதிதன்று. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்திற்கு மாற்றப்பட்டபோது, தமிழ்ப் பள்ளியின் அறிவியற் சொற்கள் வகுப்பறையில் வழக்கிழக்கும் நிலை எய்தின. 2009இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவு செய்யப்பட்டது; அச்சொற்களும் மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தன.

இந்தியாவில் விலங்குகளை அறுத்துப் பயிலும் முறையை விலங்கியல் வகுப்புகளிலிருந்து நீக்குமாறு பல்கலைக்கழக மானியக் குழு 2014இல் பணித்தது. கத்தியின் இடத்தைப் படமும் கணினியும் ஏற்கலாம். ஆயினும் திரையில் தோன்றும் உறுப்பிற்கும் பெயர் வேண்டும். அப்பெயர் தமிழில் உண்டு. அதனை ஆசிரியர் வகுப்பிற் சொல்லி, மாணவன் தேர்வில் எழுதும்வரை அது வாழும்.