கிறிஸ்துவுக்குள் வாழ்வு (குளத்தூர் – கோவில்பட்டிக் கரிசல் வட்டாரம்)

கிறிஸ்துவோடு ஒன்றாக்கப்பட்டிருப்பதே விசுவாசியின் முதல் அடையாளம், அந்த ஒன்றிப்பே அவருக்கு அழியாத காவல் எனக் கூறும் கிறிஸ்தவப் போதனை. யோவான் 15, ரோமர் 6, 8, எபேசியர் 1, கொலோசெயர் 3 ஆகிய அதிகாரங்கள் இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும். திருமுழுக்குப் பெறுபவர் கிறிஸ்துவோடு மரித்து அவரோடு எழுகிறார். இனி அவர் யாரென்பதைக் குலமோ தொழிலோ முடிவு செய்வதில்லை. அவரைக் கிறிஸ்துவின் கையிலிருந்து எந்த அதிகாரமும் பறிக்க இயலாது என்பது இதன் சாரம். விளாத்திகுளம் வட்டத்துக் குளத்தூரை ஒட்டிய கரிசல் காட்டுக்கும், அதற்குக் கிழக்கே வேம்பாறு, வைப்பாறு கடற்கரைக்கும் இப்போதனை வந்த வரலாறு தனித்தன்மை உடையது. உயிருக்கும் உடைமைக்கும் புகலிடம் தேடி நின்ற மக்களிடமே அது முதலில் சொல்லப்பட்டது.

முத்துக்குளித்துறைக் காலம்

16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துச் சலாபத்தின் (முத்துக்குளிப்பின்) உரிமை குறித்துக் கடலோர மக்களான பரதவருக்கும் முஸ்லிம் வணிகருக்கும் கடும் பகை மூண்டது. ஒருவரின் காதணி அறுக்கப்பட்டதில் சண்டை தொடங்கியதாக ஒரு வழக்கு உண்டு. குதிரை வணிகர் ஜான் தெ குரூசின் யோசனைப்படி பரதவ ஊர்த் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைக் கேட்டு, அங்கேயே திருமுழுக்கும் பெற்றனர். தொடர்ந்து 1535–37 அளவில் கடற்கரை ஊர்கள் அனைத்தும் மதம் மாறின. தொகை 20,000 என்பர். ஆண்டும் தொகையும் நூலுக்கு நூல் வேறுபடுகின்றன. இது படகுக்கும் வலைக்கும் காவல் தேடிய ஏற்பாடு மட்டுமே என்பாரும், அதிலேயே விசுவாசத்தின் விதை இருந்தது என்பாரும் இன்றளவும் உளர். வேம்பாற்றிலும் வைப்பாற்றிலும் பெர்னாண்டோ, கோஸ்தா, மிராந்தா, ரோச் என வழங்கும் குடும்பப் பெயர்கள் அந்தத் திருமுழுக்கின் எச்சம்.

1542இல் வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் விசுவாசப் பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், பத்துக் கட்டளைகள் ஆகியவற்றை உள்ளூர் ஆட்களின் துணையோடு தமிழாக்கி மனப்பாடம் செய்துகொண்டார். கையில் மணியை ஆட்டியபடி தெருவில் நடந்து பிள்ளைகளைக் கூட்டினார். பிள்ளைகள் தாங்கள் கற்றதை வீட்டில் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தனர். ஊருக்கொரு கணக்கப்பிள்ளை அமர்த்தப்பட்டு, குரு வராத நாள்களில் செபம் சொல்லிவைத்தார். 1544இல் வடுகர் (தெலுங்கர்) படை தெற்கே பாய்ந்தபோது மக்கள் கடலுக்குள் இருந்த பாறைகளில் ஏறி உணவும் நீருமின்றித் தவித்தனர். சவேரியார் அவர்களுக்குப் படகுகளில் உணவு கொண்டுசெல்ல முனைந்தார். ஞானஸ்நானம் பெற்றுப் பத்தாண்டும் ஆகாத மக்களுக்கு, வாங்கிய காவல் எவ்வளவு மெலிது என்பது அந்தப் பாறைகளின் மேல் தெரிந்திருக்கும்.

சவேரியாருக்குப் பின் போர்ச்சுகீசிய இயேசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளார் (1520–1600) அரை நூற்றாண்டு இக்கரையில் வாழ்ந்தார். புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது அவரும் சிறைப்பட்டார். தமிழை இலக்கண முறைப்படி கற்ற முதல் ஐரோப்பியர்களுள் ஒருவர். 1578இல் கொல்லத்தில் அச்சான அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 16 பக்கச் சிறு நூல். தமிழ் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் அதுவே. 1579இல் கொச்சியில் வெளிவந்த ‘கிரீசித்தியானி வணக்கம்’ ஆசிரியர் கேட்க மாணவர் விடை சொல்லும் அமைப்பில் உள்ளது. 1586இல் புனிதர் வரலாறுகளைத் தொகுத்துப் பெருநூல் ஒன்றும் வந்தது. அச்சுச் செலவுக்குப் பரதவரே பணம் திரட்டினர் என்பர். முத்துக் குளித்து ஈட்டிய காசு தமிழ் எழுத்துருவானது தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் தனியாக எண்ணிப்பார்க்கத் தக்கது.

1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் வசமாயிற்று. கத்தோலிக்க வழிபாடு தடைபட்டது. பால்தேயு என்னும் டச்சு குரு மக்களைச் சீர்திருத்த சபைக்குத் திருப்ப முயன்றார். காவலுக்கு அழைத்த போர்ச்சுகீசியர் போய்விட்டனர். புதிய ஆட்சியின் சபைக்குப் போனால் ஆதாயமும் உண்டு. பரதவர் போகவில்லை. புகலிடத்துக்காக மட்டுமே வந்தனர் என்னும் வாதத்துக்கு இதைவிட வலுவான மறுப்பு கிடைப்பது அரிது.

உள்நாட்டில்

கோவில்பட்டியை அடுத்த காமநாயக்கன்பட்டியில் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வீரமாமுனிவர் பணியாற்றினார். அங்குள்ள பரலோக மாதா கோயிலில் ஆகஸ்டு 15ஆம் நாள் திருவிழா. தெற்கே வடக்கன்குளத்தில் 1745இல் திருமுழுக்குப் பெற்ற நீலகண்டன், தேவசகாயம் என்னும் பெயர் ஏற்றார். திருவிதாங்கூர் அரண்மனைப் பணியை இழந்து 1752இல் கொல்லப்பட்டார். 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

சீர்திருத்த சபைகளின் தொடக்கம் பாளையங்கோட்டையில். 1780ஆம் ஆண்டுச் சபைப் பதிவேட்டில், அச்சபையைத் தோற்றுவித்த குளோரிந்தா அம்மையார் உட்பட நாற்பது பேர். பல சாதியார் ஒரே ஏட்டில் எழுதப்பட்டனர். 1799இல் துன்புறுத்தப்பட்ட விசுவாசிகளுக்கென நிலம் வாங்கி முதலூர் உருவாக்கப்பட்டது. பின்னர் நாசரேத், சாயர்புரம், மெய்ஞ்ஞானபுரம் என ஊர்ப் பெயரிலேயே அடையாளம் ஏறியது.

கரிசல் மண்ணுக்கு இப்படிப்பட்ட ஊர்கள் அமையவில்லை. கேம்பிரிட்ஜில் பயின்ற தாமஸ் ராக்லண்ட் 1854இல் பென், மெடோஸ் என்னும் இருவரோடு சிவகாசியை மையமாகக் கொண்டு வடதிருநெல்வேலியில் கூடாரப் பணி தொடங்கினார். பங்களா கட்டவில்லை, ஓர் ஊரில் சில நாள், பிறகு அடுத்த ஊர். தென்பகுதிச் சபைகள் தங்கள் உபதேசிமாரை மாதம் மாற்றி மாதம் அனுப்பி, செலவையும் ஏற்றன. மழைக்காலத்தில் கரிசல் சேறு காலைப் பிடித்துக்கொள்ளும், வண்டி நகராது. சேர்ந்தவர்கள் சிலரே. ராக்லண்ட் 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியில் இரத்தம் கக்கி இறந்தார்.

அதே ஆண்டில் சாயர்புரத் தமிழாசிரியர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். அவர் இயற்றிய காவியமான ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளியாயிற்று.

கருத்து வேறுபாடுகள்

கிறிஸ்துவுக்குள் குலம் இல்லை என்று போதித்த கோயில்களிலேயே குலச் சுவர் எழுந்தது. வடக்கன்குளத்தில் இரு சாதியார் தனித்தனியே அமர இரு கிளைகளாகக் கட்டப்பட்ட ‘கால்சட்டைக் கோயிலின்’ நடுச்சுவரை 1910இல் கவுசானல் அடிகளார் இடித்தார், வழக்கும் நடந்தது.

ஒருமுறை மீட்கப்பட்டவர் வழுவிப்போக முடியுமா என்பதிலும் ஒருமனம் இல்லை. பிரதரன் சபையார் பொதுவாக முடியாது என்பர். பெந்தெகொஸ்தே சபையார் பலர், விசுவாசத்தில் நிலைத்திருந்தால்தான் உறுதி என்பர். தென்னிந்தியத் திருச்சபை இதை வாதப் பொருளாக்குவதில்லை. ஆனால் கல்லறைத் தோட்டத்துக் கற்களில் மூன்று தரப்பாரும் கர்த்தருக்குள் நித்திரை என்றே பொறிக்கின்றனர்.

அண்மைக்காலம்

2003இல் தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலத்திலிருந்து தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலம் பிரிந்தது. 1950ஆம் ஆண்டு அட்டவணைச் சாதியினர் ஆணைப்படி, கிறிஸ்தவராகும் தலித் மக்கள் அப்பட்டியலின் உரிமைகளை இழக்கின்றனர். தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோராகக் கருதப்படுகின்றனர். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் இந்த விலக்கு நீங்கியது. திருமுழுக்குப் பெற்றதைச் சபையில் சொல்லும் குடும்பம் தாலுகா அலுவலகத்தில் அதைச் சொல்லத் தயங்கும் நிலை இதனால் ஏற்படுகிறது. கிறிஸ்தவரான தலித் மக்களுக்கு உள்ள இவ்விலக்கை ஆராய ஒன்றிய அரசு நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் ஆணையம் அமைத்தது.