தொட்டால் திட்டமாட்டார்கள்

1949இல் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர், தான் முன்பு கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். மினசோட்டா பல்கலைக்கழக வேலை போயிற்று. அண்ணன் ராபர்ட்டைப் போலவே அணுகுண்டுத் திட்டத்தில் இருந்த இயற்பியலாளர், கொலராடோவில் மாடு வளர்த்தார். பிறகு அங்கேயே உள்ளூர்ப் பள்ளியில் வாத்தியார்.

1959இல் போல்டர் நகரத்துப் பல்கலைக்கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே சோதனைக் கருவிகளை நூலகம் மாதிரி அடுக்கிவைத்தார். மாணவர்கள் தாங்களே இயக்கிப் பார்க்கலாம். இதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. இன்ஜினியரிங்கின் நாலு வருஷத்தில் ஆசிலோஸ்கோப்பின் குமிழை நான் திருப்பியதைவிட, தள்ளி நின்று ரெக்கார்டு நோட்டில் வரைந்ததுதான் அதிகம்.

அந்த யோசனையைத்தான் 1969இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் எக்ஸ்ப்ளோரட்டோரியமாக ஊருக்கே திறந்துவிட்டார். அதோடு நிற்கவில்லை. காட்சிக் கருவிகளைச் செய்வது எப்படி என்று சமையல் குறிப்பு போலப் புத்தகமும் போட்டார்கள். ஓப்பன் சோர்ஸ் என்ற பெயரே பிறக்காத காலம்.

இப்படிப்பட்ட இடங்கள் பல ஊர்களில் முளைத்தன. மிஷிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பரில், 1982இல் பழைய தீயணைப்பு நிலையம் ஒன்று தொட்டுப் பார்க்கும் அருங்காட்சியகமானது. பல்கலைக்கழக ஆய்வகத்துக்குள் ஒரு குழந்தை சும்மா நுழைந்து எதையும் திருகிவிட முடியாது. இங்கே முடியும். தப்பாகத் திருகினாலும் யாரும் மார்க்கைக் குறைக்கமாட்டார்கள்.