கட்டையும் பெட்டியும்

ஆலயப் பாடகர் குழுவில் ஒருவர் பாடத் தொடங்குமுன், "எத்தனை கட்டை?" என்று கேட்பது வழக்கம. இந்தக் 'கட்டை'யைப் பண்டைத் தமிழிசையின் கலைச்சொல் என்று எண்ணுவோர் பலர். அது ஆர்மோனியப் பெட்டியின் மரக்கட்டையே அன்றி வேறில்லை. வெள்ளைக் கட்டைகளுக்கு முழு எண். கறுப்புக் கட்டைகளுக்கு அரை எண். மூன்றாவது வெள்ளைக் கட்டைக்கும் நான்காவதற்கும் இடையே கறுப்புக் கட்டை கிடையாது. ஆதலால் 'மூன்றரைக் கட்டை' என்ற பேச்சும் இல்லை. நம் குரலை நாம் அளக்கும் கோல், பிரான்சு நாட்டிலிருந்து வந்த ஒரு கருவி.

அலெக்சாந்தர் தெபேன் என்பவர் 1842-இல் பாரிசு நகரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். துருத்திக் காற்றால் உலோக நாக்குகளை அதிரச் செய்யும் எளிய அமைப்பு அது. பெரிய குழலார்கனை வாங்க இயலாத சிற்றாலயங்களுக்கு அது கைகொடுத்தது. மறைபரப்பாளர்களுடன் நம் நாட்டுக்கும் வந்தது. ஆனால் நாற்காலியில் அமர்ந்து காலால் மிதித்து இயக்கும் கருவி, தரையில் அமர்ந்து பாடும் மக்களுக்கு எப்படி ஒத்துவரும்? கல்கத்தாவில் துவாரகநாத் கோஷ் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதனைக் கையால் இயக்கும் பெட்டியாக்கினார். பிறகு அதனைத் தடுப்பாரில்லை. ஒலிபெருக்கி இல்லாத நாளில், தமிழ் நாடகக் கொட்டகையின் இரைச்சலை மீறி ஒலித்தது அதுவே. எஸ். ஜி. கிட்டப்பாவின் உச்சக் குரலுக்கு இணையாக அவர் தமையன் காசி ஐயர் வாசித்த ஆர்மோனியத்தைக் கேட்கவே மக்கள் திரண்டனர்.

எதிர்ப்பும் உடன் எழுந்தது. பாரதியார் அதனைக் கடுமையாகச் சாடினார், தாகூரும் வெறுத்தார். 1940 மார்ச்சு மாதம் அனைத்திந்திய வானொலி அதனைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. 1971-இல்தான் அத்தடை ஓரளவு தளர்ந்தது. பன்னிரண்டு சுரங்களும் தனித்தனியே நிலைத்து நிற்பதால் கமகம் அதில் வழுக்கி வராது என்பதே குற்றச்சாட்டு. அது மெய்யான குறைதான், மறுப்பதற்கில்லை. எனினும், நாடகக்காரர்களின் பெட்டி என்ற இளக்காரமும் அதனுடன் கலந்திருந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

வெளியே இவ்வாறு பழிக்கப்பட்ட பெட்டி, நம் ஆலயங்களுக்குள் மதிப்போடு வீற்றிருந்தது. திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1903 நவம்பர் 22 அன்று வெளியிட்ட ஆணை, பியானோவையும் முரசு, தாளம் போன்ற இரைச்சலான கருவிகளையும் ஆலயத்தில் விலக்கியது; ஆர்கனுக்கு இடமளித்தது. ஆர்கன் இல்லாத ஊர்களில் அவ்விடத்தை ஆர்மோனியம் நிரப்பியது. இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், வழிபாட்டுக்குத் தகுதியான பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. மிருதங்கமும் தபேலாவும் உள்ளே வந்தன. பறை வந்து சேர இன்னும் பல ஆண்டுகள் ஆயின. இன்றும் எல்லா ஆலயங்களிலும் வந்துவிடவில்லை. உரோமையின் ஆணை ஓசையைக் கருதியது. பறையை வெளியே நிறுத்தியதோ நம்மிடையே உள்ள சாதி. பறையின் ஓசை வழிபாட்டுக்கு உகந்ததன்று என்று வாதாடிய சிலர், இன்று மின்விசைப்பலகையின் முரசொலிக்கு முகஞ்சுளிப்பதில்லை.

அவர்களைக் குறை கூறும் தகுதி எனக்கும் குறைவே. விசைப்பலகை ஒன்றைப் பங்குக்கு வாங்கிய ஆண்டில், பழைய ஆர்மோனியத்தைச் சாமான் அறைக்கு அனுப்பச் சொன்னவன் நானே. நெடுங்காலம் அதனை வாசித்து வந்த பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் பாடகர் குழுவை விட்டு, பின்வரிசையில் அமர்ந்திருந்தார். சில மாதங்கள் கழித்துப் பெட்டியை எடுத்துப் பார்த்தபோது, துருத்தியின் தோலை எலி கடித்திருந்தது. பழுதுபார்ப்பவரைத் தேடிப் பிடிக்க நாளாயிற்று.

இப்போது பெட்டி பீடத்தருகே இருக்கிறது. தவக்காலத்தில் மட்டும் பெரியவர் வந்து வாசிக்கிறார். விசைப்பலகை இளைஞருக்குச் சுருதியை மாற்ற ஒரு பொத்தான் போதும். ஆயினும் அதனைத் தொடுமுன், பாட வந்தவரைப் பார்த்து அவரும் கேட்கிறார்: "எத்தனை கட்டை?"