கார்டு அடிக்க வந்த கம்ப்யூட்டர்

நூலகத்துக்குள் கம்ப்யூட்டர் வந்ததும் கார்டுப் பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தேடிப் படித்தால் கதை தலைகீழாக இருக்கிறது. வந்த கம்ப்யூட்டருக்குக் கொடுத்த வேலையே கார்டு அடிப்பதுதான்!

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 1967-ல் 54 கல்லூரி, பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஓ.சி.எல்.சி. என்ற அமைப்பைத் தொடங்கின. யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருந்த பிரெட் கில்கோர் அதற்குத் தலைமை ஏற்றார். பி.காம். படிக்கிற எனக்கு அவரை உடனே பிடித்துப்போனது. ஒரு மாணவருக்கு ஆகும் நூலகச் செலவு ஏறிக்கொண்டே போகும் வேகத்தைக் குறைப்பதுதான் அவருடைய குறிக்கோள். கவனியுங்கள், செலவையே குறைக்கிறேன் என்று சொல்லவில்லை. விவரமான ஆள்!

ஒரே புத்தகத்தை 54 நூலகங்கள் வாங்கினால், 54 இடத்திலும் ஒருவர் உட்கார்ந்து ஆசிரியர், தலைப்பு, பொருள் எல்லாம் எழுதி, வகை எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கார்டு தயாரிக்க வேண்டும். கில்கோர் சொன்ன வழி எளிது. ஒருவர் செய்த பதிவு கொலம்பஸ் நகரிலுள்ள மையக் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். மற்றவர்கள் தொலைபேசி இணைப்பு வழியாக அதைத் திரையில் வரவழைத்து, தங்களுக்கு வேண்டிய திருத்தம் மட்டும் செய்துகொள்ளட்டும். கார்டுகள் மையத்திலேயே அச்சாகி, அகரவரிசையில் அடுக்கி, வந்து சேரும். (கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி நூல் விவரத்தை எழுதும் 'மார்க்' முறையை ஹென்ரியட் ஆவ்ரம் என்ற பெண்மணி 1960-களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உருவாக்கியிருந்தார். அது இல்லாவிட்டால் இது நடந்திருக்காது.)

1971 ஆகஸ்ட் 26 அன்று ஒஹையோ பல்கலைக்கழகத்தின் ஆல்டன் நூலகம் முதன்முதலாக இதில் இறங்கியது. அன்று பதிவானவை 133 புத்தகங்கள். முதல் ஆண்டிலேயே பதிவு மூன்றில் ஒரு பங்கு கூடியது. 17 பணியிடங்கள் குறைந்தன.

இந்த 17-ஐத்தான் என்னால் சட்டென்று தாண்டிப் போக முடியவில்லை. நூலகத்தின் கணக்கில் அது சேமிப்பு. ஆனால் இரட்டைப் பதிவு முறை படித்தவர்களுக்குத் தெரியும், ஒருவர் ஏட்டில் செலவு என்றால் இன்னொருவர் ஏட்டில் அது வருமானம். அந்த இன்னொரு ஏடு எந்த ஆண்டறிக்கையிலும் வராது.

வாசகர்களுக்கோ வெகுநாள் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது. அதே மரப்பெட்டி, அதே இழுப்பறை. ஓ.சி.எல்.சி. மிக அதிகமாகக் கார்டு அச்சடித்தது 1985-ல், 13.1 கோடி. கடைசிக் கார்டுகள் அச்சானது 2015 அக்டோபர் 1-ல். அதற்குள் மொத்தம் சுமார் 190 கோடி அடித்துத் தள்ளியிருந்தார்கள்.